பெயர்ப்பலகைக் கடைக்கு எந்த மென்பொருள்? வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்கு எழுத்தும் கோடும் வெட்டித் தரும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அதோடு கடைப் பெயர்ப்பலகை, வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர், அக்ரிலிக் எழுத்து ஆகிய வேலைகளும் உண்டு. இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த பிளாட்டர் (கணினி அனுப்பும் வடிவத்தைக் கத்தியால் வெட்டும் இயந்திரம்) வாங்கலாம் என்பதைத்தான். எந்த மென்பொருள் என்று கேட்பவர் அரிது. இயந்திரம் விற்றவர் ஏதோ ஒரு மென்பொருளைக் கூடவே கொடுத்திருப்பார், கணினி விற்றவர் கோரல்டிராவை ஏற்றிக் கொடுத்திருப்பார், அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அன்றாடம் வீணாகும் வினைல் (ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாள்), இரண்டாம் முறை செய்ய நேரும் வேலை, சொன்ன நாளில் கொடுக்க முடியாமல் போகும் பலகை ஆகியவற்றின் காரணத்தைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் மென்பொருளில்தான் போய் நிற்கும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நாம் இங்கே இரண்டு தனித்தனி வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எழுத்தையும் படத்தையும் வரைந்து அடுக்குவது ஒரு வேலை. வரைந்ததைக் கத்தி செல்லும் பாதையாக மாற்றி இயந்திரத்துக்கு அனுப்புவது மற்றொரு வேலை. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் ஆகியவை முதல் வேலைக்காகப் பிறந்தவை. ரோலண்டின் கட்ஸ்டுடியோ, கிராஃப்டெக்கின் கட்டிங் மாஸ்டர், மிமாகியின் ஃபைன்கட் போன்றவை இரண்டாம் வேலையைச் செய்வதற்காக அந்தந்த இயந்திர நிறுவனங்களே தருபவை. ஃபிளெக்ஸிசைன், சைன்லேப், வினைல்மாஸ்டர் ஆகியவை இரண்டையும் ஒரே திரையில் செய்ய முயல்பவை. கடைக்கு வருகிறவர்கள் இந்த மூன்று வகைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எது நல்லது என்று கேட்கிறார்கள். உங்களிடம் இருக்கும் இயந்திரம், கையில் வந்து சேரும் வேலை, எழுதப்போகும் மொழி ஆகிய மூன்றையும் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இயந்திரத்தோடு ஒத்துப்போகிறதா?

பெரும்பாலான பிளாட்டர்கள் எச்.பி.ஜி.எல். என்ற கட்டளை மொழியைப் புரிந்துகொள்ளும். பேனாவைத் தூக்கு, இறக்கு, இந்தப் புள்ளிக்குப் போ என்று சொல்லும் மிக எளிய மொழி அது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது 40 அலகு, அதாவது ஒரு அலகு 0.025 மி.மீ. கிராஃப்டெக், ரோலண்ட் ஆகிய நிறுவனங்களுக்குச் சொந்தக் கட்டளை மொழிகளும் உண்டு. விலை குறைந்த சீன பிளாட்டர்களில் பெரும்பாலும் எச்.பி.ஜி.எல்.தான் இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் மென்பொருளின் இயந்திரப் பட்டியலில் உங்கள் பிளாட்டரின் மாடல் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 'இதே மாதிரி வேறொன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் ஓடும்' என்று விற்பவர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல், உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இணைப்பு வகையையும் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. கம்பி போட்டாலும் பல சீன இயந்திரங்கள் கணினிக்குள் பழைய வகை இணைப்பான காம் போர்ட்டாகவே தோன்றும். அப்போது வேகம், தரவுக் கட்டுப்பாடு ஆகிய அமைப்புகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். ஒரு பேருந்தின் பக்கவாட்டுக்காக நீளமான எழுத்து வரிசையை வெட்டக் கொடுத்தேன். முதல் ஐந்தாறு எழுத்துகள் அழகாக வந்தன. ஏழாவது எழுத்தின் நடுவில் கத்தி திடீரென்று கோணலாக ஒரு கோடு போட்டுக்கொண்டு ரோலின் மறு ஓரத்துக்குப் போய்விட்டது. கத்தியைக் குறை சொன்னேன், ரோலரைத் துடைத்தேன், மறுபடி ஓட்டினேன், மறுபடியும் ஏறத்தாழ அதே இடத்தில் அதே கோணல். கடைசியில் மென்பொருளில் தரவுக் கட்டுப்பாடு அணைந்திருந்தது தெரிந்தது. இயந்திரத்தின் நினைவகம் நிறைந்த பிறகும் கணினி நிறுத்தாமல் கொட்டிக்கொண்டிருந்ததால் நடுவில் சில கட்டளைகள் தொலைந்திருக்கின்றன. சிறிய ஸ்டிக்கரை வெட்டிப் பார்த்துவிட்டு மென்பொருள் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சோதனைக்கு நீளமான வேலையைக் கொடுங்கள்.

சில சீன பிளாட்டர்களோடு வரும் ஆர்ட்கட் பற்றியும் ஒரு சொல். அதன் பழைய பதிப்பு அதற்குரிய குறுந்தகடு கணினியில் இருந்தால்தான் திறக்கும். இன்று வரும் கணினிகளில் குறுந்தகட்டுப் பெட்டியே இல்லை. தமிழை அதில் நேரடியாகத் தட்டச்சு செய்ய நினைக்காமல், வேறொரு மென்பொருளில் வரைந்து கர்வ் ஆக்கி (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி) கொண்டுவந்து வெட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். புதிய கடைக்கு அதை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ் எழுத்து உடையாமல் வருகிறதா?

நம் ஊரில் இதுதான் தலையாய சோதனை. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் வருகிற வேலையில் பெரும்பங்கு தமிழ்தான். ஆனால் இந்த மென்பொருள்களில் பலவும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலத்தில் தட்டிய வரிசையிலேயே எழுத்துகள் நிற்கும். தமிழில் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றின் கொம்பும் சங்கிலிக் கொம்பும் தட்டிய வரிசைக்கு மாறாக முன்னால் போய் நிற்க வேண்டும். 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் அமர வேண்டும். 'கு', 'கூ' போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாற வேண்டும். இன்று கைப்பேசியிலும் கணினியிலும் பொதுவாக வழங்கும் குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்துருவில் இந்த மாற்றத்தை எல்லாம் மென்பொருள்தான் செய்ய வேண்டும். அதற்குத் தெரியாவிட்டால் கொம்பு தவறான இடத்தில் விழும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் கொம்புக்குப் பக்கத்தில் முளைக்கும்.

அந்தப் புள்ளி வட்டத்தை நான் வினைலில் வெட்டியே பார்த்திருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு கோயில் கும்பாபிஷேகப் பலகைக்கு எழுத்தை ஒரு கணினியில் அடித்து, கர்வ் ஆக்காமலேயே வெட்டும் கணினிக்கு அனுப்பிவிட்டேன். அங்கிருந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. சிவப்பு வினைலின் கழிவை (எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத பகுதியை) பிடுங்கிக்கொண்டே வந்தபோது 'கோயில்' என்ற சொல்லின் தொடக்கத்தில் கடுகு அளவில் வட்டமாகச் சில புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கத்திக்கு அது எழுத்தா பிழையா என்று தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் ஒழுங்காக வெட்டி வைத்திருந்தது. அன்று வீணான வினைலைவிட, மறுநாள் காலை பலகை எழும்ப வேண்டிய இடத்தில் வெறும் தகடு நின்றதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே எந்த மென்பொருளானாலும் ஒரே ஒரு சோதனை வரியை அதில் தட்டிப் பாருங்கள். நான் பயன்படுத்துவது 'ஸ்ரீலக்ஷ்மி பூஜைப் பொருள் மொத்த விற்பனைக் கூடம்' என்ற வரி. இதில் ஸ்ரீ, க்ஷ் ஆகிய கூட்டெழுத்துகள், பொ, மொ ஆகிய பிரியும் குறிகள், ஜை, னை என்ற சங்கிலிக் கொம்பு, பூ, கூ என்ற வடிவ மாற்றம், புள்ளி வைத்த மெய்கள் எல்லாம் வந்துவிடுகின்றன. வேண்டுமானால் 'கௌரி' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டிய பிறகு எழுத்துகளுக்கு இடைவெளி கூட்டிப் பாருங்கள். சில மென்பொருள்கள் வரியை ஒழுங்காகக் காட்டிவிட்டு, இடைவெளி கூட்டியவுடன் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து தள்ளி நிறுத்திவிடும். பலகையில் எழுத்தைப் பரப்பி வைப்பது அன்றாட வேலை என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். அடுத்து வரியைக் கர்வ் ஆக்குங்கள், பெரிதாக்குங்கள், ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

கோரல்டிராவில், எழுத்துருவுக்குள் இருக்கும் இந்த வடிவ மாற்ற விதிகளைப் படிக்கும் ஓப்பன்டைப் வசதி 2012-இல் வந்த எக்ஸ்6 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடை நம்பி வேலை செய்வது வீண் முயற்சி. இல்லஸ்ட்ரேட்டரில் விருப்ப அமைப்புகளுக்குள் எழுத்துப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான தேர்வைப் போட்டு, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தடுக்கியைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சேர்ந்து வரும். இது தெரியாமல் இல்லஸ்ட்ரேட்டருக்குத் தமிழ் வராது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்க்ஸ்கேப் விலையில்லாதது என்றாலும் தமிழ் யூனிகோடைத் தனி அமைப்பு எதுவும் இல்லாமல் சரியாகக் காட்டுகிறது. வெட்டுவதற்கென்றே வரும் மென்பொருள்களைப் பொறுத்தவரை அவற்றில் தமிழைத் தட்டவே வேண்டாம் என்பதே என் கருத்து. வடிவமைப்பு மென்பொருளில் கர்வ் ஆக்கிய பிறகே எழுத்து கத்தியின் பக்கம் போக வேண்டும்.

பழைய எழுத்துருக்களின் சிக்கல் வேறு வகை. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை வரிசையாகத் தட்டினால் பாமினியில் 'தமிழ்' என்று வரும். எந்த மென்பொருளுக்கும் இது வெறும் ஆங்கிலம் என்பதால் எழுத்து உடையாது. அதனால்தான் பழைய கடைகள் இவற்றை விடாமல் வைத்திருக்கின்றன. பலகைக்கு ஏற்ற தடித்த, வளைந்த வடிவங்கள் பழைய எழுத்துருக்களில் நிறைய இருப்பதும் உண்மை. ஆனால் வாடிக்கையாளர் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகம் யூனிகோடில் இருக்கிறது. அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுக்கும்போது ஸ்ரீ, க்ஷ போன்றவை தவறிப்போவதும், மேற்கோள் குறி வேறு எழுத்தாக மாறுவதும் வழக்கம். மாற்றிய வாசகத்தை வாடிக்கையாளரிடம் படமாக அனுப்பிச் சரி என்று வாங்கிய பிறகே வெட்டுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யூனிகோடிலேயே தொடங்குவது நல்லது. முக்தா மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை வணிகப் பயன்பாட்டுக்கும் அனுமதியுள்ள திறந்த உரிமத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பலூ தம்பியின் தடித்த வடிவம் கடைப் பலகைக்கு நன்றாகவே எடுபடுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய மாறு எழுத்துருக்களில் எழுத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடியே விடப்பட்டிருக்கலாம். திரையிலும் அச்சிலும் அது தெரியாது. கத்திக்குத் தெரியும், ஏறிய இடத்தில் எழுத்தின் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். கர்வ் ஆக்கிய பிறகு நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பார்க்கும் வசதி மென்பொருளில் ஒரு விசையில் கிடைக்க வேண்டும். ஏறிய பகுதிகளை வெல்ட் செய்து ஒன்றாக்கும் வசதியும் வேண்டும். கோரல்டிராவில் வயர்ஃபிரேம் பார்வையும் வெல்ட் கருவியும் இதற்குத்தான். நிழல் எழுத்து, இரட்டைக் கோடு போட்ட எழுத்து என்று பஸ் பட்டறைகளில் கேட்கும் வேலைகளுக்கு வெல்டும் அவுட்லைனும் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

நோடும் கத்தியும்

வாடிக்கையாளர் மங்கலான ஒரு கைப்பேசிப் படத்தை அனுப்பி, இந்த முத்திரையை வெட்டிக் கொடுங்கள் என்பார். கோரல்டிராவில் பவர்டிரேஸ், இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் டிரேஸ், இன்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப் ஆகியவை படத்தைக் கோடாக மாற்றித் தரும். மாற்றித் தந்ததை அப்படியே கத்திக்கு அனுப்பினால் விளிம்பு பற்பற்களாக வரும். நல்ல எழுத்துருவில் சில பத்து நோடுகளில் (கோட்டின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் புள்ளிகளில்) முடிகிற 'அ', டிரேஸ் செய்த படத்தில் நூற்றுக்கணக்கான நோடுகளாகச் சிதறியிருக்கும். ஒவ்வொரு நோடிலும் கத்தி சற்றே தயங்கித் திரும்புவதால் வெட்டு நடுங்கும், நேரமும் கூடும். எனவே நோடுகளைக் குறைக்கும் கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவின் வடிவம் கெடாமல் பாதிக்கு மேல் நோடுகளைக் குறைக்க முடிகிற மென்பொருள், தானாக டிரேஸ் செய்வதில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாலும் பரவாயில்லை. முக்கியமான முத்திரைகளை நான் இன்றும் கையால்தான் வரைகிறேன்; அதுவே விரைவாகவும் முடிகிறது.

பெரிய எழுத்தில் வேறொரு குறை தெரியும். கத்திக்கு அனுப்பும்போது பெரும்பாலான மென்பொருள்கள் வளைவைச் சிறு சிறு நேர்க்கோடுகளாக உடைத்துத்தான் அனுப்புகின்றன. அந்தத் துண்டுகள் நீளமாக இருந்தால் இரண்டடி உயர 'ஓ' வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும். வளைவின் நுணுக்கத்தை மாற்றும் அமைப்பு மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள். சிறியதாக வெட்டியதன் பி.எல்.டி. கோப்பை (பிளாட்டருக்கு அனுப்பும் கட்டளைகள் அடங்கியது) திறந்து பெரிதாக்கி வெட்டினாலும் இதே குறை வரும் என்பதால், மூல வடிவமைப்பைத்தான் சேமித்து வைக்க வேண்டும்.

தமிழில் சிறிய எழுத்து வெட்டும்போது உயிரை வாங்குவது மெய்யெழுத்தின் புள்ளி. ஒரு அங்குல உயர எழுத்தில் அது சுமார் 4 மி.மீ. அகலம்தான் இருக்கும். பிளாட்டர் கத்தியின் முனை அதன் அச்சுக்கு நேராக இல்லாமல் கால் மில்லிமீட்டர் அளவு விலகி, தள்ளுவண்டியின் சுழல்சக்கரம்போல் பின்னால் இழுபட்டுத் திரும்புகிறது. இந்த விலக்கத்தை மென்பொருளோ இயந்திரமோ கணக்கில் எடுக்காவிட்டால் வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாமல் ஒரு வால் விடும். கழிவைப் பிடுங்கும்போது அந்த வாலோடு புள்ளியும் எழுந்து வந்துவிடும். 'மருத்துவர்' என்பது 'மருத்துவர' என்று சுவரில் ஏறுவது இப்படித்தான். கத்தி விலக்கத்தை எண்ணாகக் கொடுக்க இடம் இருக்க வேண்டும். வெட்டு முடியும் இடத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கூடுதலாக ஓடி மூடும் ஓவர்கட் இருக்க வேண்டும். இவை இரண்டு இடத்திலும் போடப்பட்டால் இரட்டிப்பாகிவிடும் என்பதால், இயந்திரத்தில் போட்டால் மென்பொருளில் சுழியம், மென்பொருளில் போட்டால் இயந்திரத்தில் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எழுத்தைச் சுற்றித் தானாகச் சட்டம் போட்டுத் தரும் வசதியும், நீளமான வரியை நடுநடுவே பிரித்துக் கழிவு எடுக்க எளிதாக்கும் கோடுகளும் கிடைத்தால் கையாளுக்கு வேலை பாதியாகக் குறையும்.

அளவு மாறாமல் வருகிறதா?

இரண்டு மென்பொருள்களுக்கு இடையே கோப்பு போய் வரும்போது அளவு மாறுவது இந்தத் தொழிலின் பழைய நோய். இல்லஸ்ட்ரேட்டர் ஒரு அங்குலத்தை 72 புள்ளியாகவும் இன்றைய இன்க்ஸ்கேப் 96 ஆகவும் கணக்கிடுகின்றன. அதனால் கோட்டு வடிவங்களைச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது 1000 மி.மீ. எழுத்து 750 மி.மீ. ஆகச் சுருங்கி நிற்கும். வரைபடங்களுக்கான டி.எக்ஸ்.எஃப். கோப்பில் அளவு அலகு குறிக்கப்படாமலே இருப்பது உண்டு. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமாகப் படித்தால் 25.4 மடங்கு பெரிதாகும். பெரிதானால் உடனே கண்ணில் படும், முக்கால் பங்காகச் சுருங்கியது படாது. எனவே ஒவ்வொரு வடிவமைப்பின் ஓரத்திலும் 100 மி.மீ. சதுரம் ஒன்றைப் போட்டு அனுப்புவதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். வெட்டும் மென்பொருளில் அந்தச் சதுரம் 100 என்று காட்டினால்தான் அடுத்த வேலை. வெட்டிய சதுரத்தையும் இரும்பு அளவுகோலால் அளந்து, தேவையானால் இயந்திரத்தின் அளவுத் திருத்தத்தை மாற்ற வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரின் பழைய பதிப்புகளில் வரையும் பரப்பு சுமார் 227 அங்குலத்துக்கு மேல் போகாது. அது 19 அடிக்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்க் கடை முகப்பு 20 அடி என்றால் முழு அளவில் வரைய இடமில்லை. பத்தில் ஒரு பங்காக வரைந்துகொண்டு வெட்டும்போது பத்து மடங்காக்கலாம், ஆனால் மறதிக்கும் பிழைக்கும் அது கதவைத் திறந்துவிடும். புதிய பதிப்புகளில் பெரிய பரப்பு வந்துவிட்டது. முழு அளவிலேயே வேலை செய்ய முடிகிற மென்பொருளைத்தான் நான் விரும்புவேன்.

24 அங்குல பிளாட்டரில் அதைவிட உயரமான எழுத்தை வெட்ட வேண்டுமானால் மென்பொருள் வடிவத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏற 3 முதல் 5 மி.மீ. கூட்டித் தர வேண்டும். துண்டு எங்கே விழ வேண்டும் என்பதை நாமே நகர்த்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். தானாகப் பிரிக்கும்போது கோடு சரியாகச் சுழியின் நடுவில் போய் விழும். அதை ஒட்டுகிறவரின் கஷ்டம் வெட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

அச்சடித்து விளிம்பில் வெட்டும் வேலை உங்களுக்கு இருந்தால், அச்சு மென்பொருளும் வெட்டும் மென்பொருளும் ஒரே குடும்பமாக இருப்பது நல்லது. அச்சோடு விழும் அடையாளக் குறியை இயந்திரத்தின் கண் படித்துத்தான் வெட்டத் தொடங்கும். ஒரு நிறுவனத்தின் குறியை மற்றொரு நிறுவனத்தின் இயந்திரம் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரோலண்டின் வெர்சாவொர்க்ஸில் வெட்ட வேண்டிய கோட்டுக்கு 'கட்கான்டூர்' என்ற தனி நிறப்பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறாமல் கொடுத்தால்தான் அது வெட்டுக் கோடாகும். இல்லாவிட்டால் அதையும் மையாக அச்சடித்துவிடும்.

அக்ரிலிக் வெட்டும் லேசரும், சுழலும் முனையால் பலகையைச் செதுக்கும் ரவுட்டரும் தனி உலகம். ரூயிடா கட்டுப்பாட்டுப் பலகை உள்ள லேசரோடு ஆர்.டி.வொர்க்ஸ் விலையின்றி வரும். லைட்பர்ன் விலை கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் கையாள எளிது. உங்கள் கட்டுப்பாட்டுப் பலகைக்கு எந்த நிலை உரிமம் தேவை என்பதைப் பார்த்து வாங்குங்கள். ரவுட்டருக்கு வெக்ட்ரிக் நிறுவனத்தின் விகார்வ், ஆஸ்பையர் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. ஆர்ட்கேம் விற்பனையை ஆட்டோடெஸ்க் 2018-இல் நிறுத்திவிட்டது, அதன் வழிவந்தது கார்வெகோ. எனவே யாராவது இன்று புதிதாக ஆர்ட்கேம் போட்டுத் தருவதாகச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வினைல் மென்பொருள் ஒன்றே இவற்றையும் ஓட்டிவிடும் என்ற நினைப்பில் வாங்காதீர்கள்.

உரிமமும் செலவும்

நம் தொழிலில் உரிமம் இல்லாத பிரதிகள் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு, உரிமம் மீறிய கணினி நிரலைத் தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பூட்டு உடைத்த நிரலோடு வந்த வைரஸ் ஒரு கடையின் பல ஆண்டு வடிவமைப்புகளை மொத்தமாகப் பூட்டிப் போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திருட்டுப் பிரதியில் தொடங்கி, வசதி வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது, வசதி வரும் வரை இன்க்ஸ்கேப்பில் வேலை செய்யுங்கள் என்பதுதான். எஸ்.வி.ஜி., பி.டி.எஃப்., டி.எக்ஸ்.எஃப்., எச்.பி.ஜி.எல். எல்லாம் அதிலிருந்து எடுக்க முடியும்.

அடோபி 2013 முதல் சந்தா முறைக்குப் போய்விட்டது. கட்டுவதை நிறுத்தினால் இல்லஸ்ட்ரேட்டர் நின்றுவிடும். கோரல்டிராவைச் சந்தாவாகவும் வாங்கலாம், ஒரே முறை விலை கொடுத்தும் வாங்கலாம். ஒரே முறை வாங்கினால் அந்தப் பதிப்போடு நிற்க வேண்டும். பலகைத் தொழிலுக்கு ஆண்டுதோறும் புதுப் பதிப்பு தேவையில்லை என்பதால், கையில் பணம் இருந்தால் ஒரே முறை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள். பதிவு பெற்ற கடையாக இருந்தால் முறையான பில் வாங்கி உள்ளீட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம். டாங்கிள் (கணினியில் செருகி வைத்தால்தான் மென்பொருள் திறக்கும் சிறு சாவி) உள்ள மென்பொருளென்றால் அது தொலைந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ஒரே ஒரு 24 அங்குல பிளாட்டரும் ஸ்டிக்கர், ரேடியம் வேலையும் மட்டும் உள்ள கடைக்கு கோரல்டிராவும், இயந்திர நிறுவனம் விலையின்றித் தரும் இணைப்பு நிரலும் போதும். முதல் ஆண்டில் இன்க்ஸ்கேப்பே போதும். பக்கத்துக் கடைகளும் அச்சகங்களும் கோரல்டிரா கோப்பைத்தான் அனுப்புகின்றன என்பதும், வேலைக்கு வரும் பையன்களுக்குத் தெரிந்தது அதுதான் என்பதும் அலட்சியப்படுத்த முடியாத காரணங்கள். இரண்டு மூன்று இயந்திரங்களும், அச்சு வெட்டும், நீளமான வண்டி வேலைகளும் சேர்ந்த பிறகு ஃபிளெக்ஸிசைன் போன்றவற்றின் விலை நியாயமாகத் தெரியத் தொடங்கும். ஒரு நாளில் வெட்டு வரிசையைப் பத்து முறை திருப்பி அடுக்குகிற கடைக்கு, வடிவங்களைத் தானாக நெருக்கி அடுக்கும் வசதி வினைலிலேயே அந்த விலையைத் திருப்பித் தரும்.

எதை வாங்குவதானாலும் முதலில் சோதனைப் பதிப்பை இறக்கி, உங்கள் பழைய வேலைகளில் மூன்றை அதில் செய்யுங்கள்: மேலே சொன்ன தமிழ் வரியை ஒரு அங்குல உயரத்தில் ஒன்று, டிரேஸ் செய்ய வேண்டிய முத்திரை ஒன்று, ரோலின் அகலத்தைத் தாண்டும் பெரிய எழுத்து ஒன்று. வினைலில் வெட்டி, கழிவைப் பிடுங்கி, டேப்பில் எடுத்து ஒரு தகட்டில் ஒட்டுங்கள். ஒட்டும் வேலையை வழக்கமாகச் செய்கிற ஆளிடமே கொடுங்கள். புள்ளிகள் நின்றனவா, துண்டுகள் சேர்ந்தனவா என்பதை அவர்தான் முதலில் சொல்வார். அந்தத் தகட்டையும், அப்போது போட்டிருந்த வேகம், அழுத்தம், கத்தி விலக்கம், ஓவர்கட் ஆகிய எண்களையும் ஒரு நோட்டில் எழுதி பிளாட்டருக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். புதிய ரோல் மாற்றும் நாளில் அதே வரியை மறுபடி வெட்டி அந்தத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.